கத்திக்கும் கரண்டுக்கும் நடந்த வழக்கு

என் தமக்கையின் கணவருக்கு மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியது. அந்த இடத்திலிருந்து இதைச் சொல்லாவிட்டால் எங்கள் உறவினர்கள் சொல்லிவரும் கதைதான் நிலைக்கும். அவர்களுடைய கதை மருத்துவமனையில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் அவர்கள் நினைவில் இல்லை. இருந்தால் அவர்களுக்கு வசதிப்படாது.

அவரை நான் மாமா என்று அழைப்பேன். அவர் என்னை மச்சான் என்பார். பென்னலூரில் வீடு, தண்டலத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி மரவாடி. இன்று அந்த இடத்தில் கார் உதிரிப் பாகங்களின் கிடங்கு நிற்கிறது. அதனால் உலகத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. மரவாடியில் பொழுது முழுதும் மரம் அறுக்கும் வாள் ஓடும். மாமா அதன் அருகிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். எழுந்து உதறினால் வேட்டியிலிருந்து படிக்கணக்கில் தூள் கொட்டும். மூக்கை ஒரு துணியால் மூடிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், "மரம் இன்னா விஷமா மச்சான்? கட்டில்ல படுக்கறானே, அவன்லாம் செத்தா பூட்டான்?" என்பார். பின்னாளில் மருத்துவர்கள் முதலில் விசாரித்தது அந்தத் தூளைப் பற்றித்தான்.

ஆடிய பல்லை ஊரில் ஒருவர் பிடுங்கினார். பிடுங்கிய குழி ஆறவில்லை. மூக்கின் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டது. ஒருநாள் காப்பி குடிக்கும்போது அது மூக்கு வழியே இறங்கியது. இதைக் குடும்பமே கூடி வேடிக்கை பார்த்துச் சிரித்தது. பிறகு எல்லோரும் ஒருமனதாக அதற்குச் சைனஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் சைனஸ் ஒரு கௌரவமான வியாதி. சளி என்றால் ஏழை, சைனஸ் என்றால் வசதியுள்ளவன். அது வந்தவர்கள் பெருமையோடு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நொச்சி ஆவி பிடித்தார்கள். மாமாவும் பிடித்தார். கன்னம் மரத்துப்போனது, கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது, அப்போதும் பிடித்தார்.

அது 1991. தேர்தல் கூட்டத்தில் வெடித்த ஒரு குண்டால் எங்கள் ஊரின் பெயரை உலகம் முழுதும் ஒரே இரவில் கற்றுக்கொண்ட ஆண்டு. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் எழுதப்போவதில்லை. நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்ததால்தான் பட்டணத்துக்குப் போவது தாமதமாயிற்று என்று உறவினர்கள் இன்றும் சொல்வதால் மட்டுமே அதைக் குறிப்பிடுகிறேன். எந்தப் போலீஸ்காரரும் மாமாவைத் திருப்பி அனுப்பவில்லை. போகாமலிருக்க வாரத்துக்கொரு காரணம் கண்டுபிடித்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

நான் அப்போது காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்தேன். வழக்குக் கட்டுகளைச் சரிபார்த்து, குறையுள்ளவற்றைத் திருப்பி, முறையுள்ளவற்றை நீதிபதியின் மேசைக்கு அனுப்பும் பொறுப்பு. பட்டணத்துக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவன். எங்கள் இரு குடும்பங்களிலும் அப்போது அந்தத் தகுதி வேறு எவருக்கும் இல்லை. ஆகவே மாமாவின் கண்ணுக்குக் கீழே வீக்கம் வெளிப்படையாகத் தெரிந்ததும் தமக்கை எனக்கு ஆளனுப்பினாள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரைப் பட்டணத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். படம் எடுத்தார்கள். பல் பிடுங்கிய குழியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது.

அறுவை மருத்துவர் சொற்களைச் செலவழிக்காதவர். படத்தை விளக்குப் பலகையில் மாட்டி விரலால் ஒரு வட்டம் போட்டார். கன்னத்து எலும்புக்குள்ளே காற்று மட்டுமே இருக்க வேண்டிய அறையில் கட்டி நிறைந்திருந்தது. அது அறையின் தரையை உடைத்து வாய்க்குள் இறங்கியிருந்தது. கூரையை அரித்துக் கண்ணுக்கடியில் போய் நின்றது.

"முதல்ல ஆபரேஷன். மேல்தாடையில அந்தப் பக்கத்தை முழுசா எடுக்கணும். கண்ணு நிக்குமான்னு உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும். எடுக்க வேண்டியிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். புண் ஆறினதும் ரேடியேஷன்."

"பூரண குணம் கிடைக்குமா?" என்று நான் கேட்டேன்.

"முத்திப்போன கேஸ் சார். ரெண்டையும் பண்ணா வாய்ப்பு இருக்கு. ஒண்ணை மட்டும் பண்ணா வாய்ப்பு குறையும். இதுக்கு மேல சொன்னா அது ஜோசியம்."

இப்போது மாமா கேட்டார். "டாக்டரய்யா, மேலண்ணத்துல ஓட்டை வுழுந்தா சோறு எப்பிடிங்க துன்றது?"

"அடைப்புத் தட்டு ஒண்ணு செஞ்சு தருவாங்க, பல்செட்டு மாதிரி. மாட்டிக்கிட்டா சாப்பிடலாம், பேசலாம்."

"பேசவும் செய்யலாமா? அப்ப கஷ்டம் என் வூட்டுக்காரிக்குத்தான்."

மருத்துவர் சிரிக்கவில்லை. எனக்கு அவர்மீது மதிப்பு உண்டானது. நோயாளியின் வேடிக்கைக்குச் சிரித்து நோயைச் சிறிதாக்கிக் காட்டும் மருத்துவர்களை நான் பின்னாளில் நிறையப் பார்த்தேன்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் மாமாவின் தம்பி வடக்குப்பட்டிலிருந்து வந்து கூடத்தில் நாற்காலியைப் பிடித்துவிட்டிருந்தார். ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் இயக்குநராக இருந்தவர். அந்தப் பதவி போய் வெகுகாலமாகியும் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தோரணை அவரைவிட்டுப் போகவில்லை. நான் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அவர் முடிக்கவிடவில்லை.

"மூஞ்சில கத்தி வெக்கறதா? இன்னாங்க பேசறீங்க! என் மாமியாரோட தம்பிக்குத் தொண்டையில இதேதான். வேற ஆஸ்பத்திரியில கரண்டு வெச்சாங்க. ஒரு கீறல் கெடையாது. இன்னைக்கும் நல்லி எலும்பு கடிச்சுக்கினு கீறாரு."

கதிர்வீச்சை எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்பார்கள். சொன்னவர் அதைப் பல்பு மாட்டுவது போலச் சொன்னார். தொண்டையும் கன்னத்து எலும்பும் ஒன்றா, அந்த உறவினருக்கு நோய் எந்த நிலையில் இருந்தது என்று நான் கேட்டேன். "நோவு நோவுதாங்களே" என்றார். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். பட்டுச்சேலைக் கடையில் இரண்டு சேலைகளைப் பிரித்துப்போட்டு, எது கண்ணுக்கு இதம் என்று பார்ப்பவர்களின் தலையசைப்பு அது. ஒன்றில் கத்தி இருந்தது, இரத்தம் இருந்தது, கண் போவது இருந்தது. மற்றதில் படுத்து எழுவது மட்டும் இருந்தது. தேர்வு செய்வதற்கு அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, அங்கேயும் கேட்டுவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். ஒருதரப்பை மட்டும் கேட்டு முடிவு செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த இன்னொரு மருத்துவமனைக்குத் தம்பியும் கூட வந்தார்.

கதிர்வீச்சுப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். படத்தை நிதானமாகப் பார்த்தார். மாமாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் உட்காரச் சொல்லி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் விளக்கினார்.

"சில பேருக்கு முதல்ல கதிர் குடுத்து, கட்டி சுருங்கினப்புறம் ஆபரேஷன் பண்றதும் உண்டு. மருந்து ஊசி சேத்துப் போட்டும் பாக்கறாங்க. அதுல முடி கொட்டும், வாந்தி வரும். எவ்வளவு தூரம் உதவும்னு இன்னும் நிச்சயமாத் தெரியல. இவருக்கு எலும்பு இவ்வளவு அரிச்சிருக்கு. கரண்டு மட்டும் வெச்சு விட்டுடலாம்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க சொன்ன மாதிரி ஆபரேஷன் முதல்ல, அப்புறம் இங்க. அதுதான் நல்லது."

"கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் கண் தப்புமா?" என்று கேட்டேன்.

"கண்ணு இருக்கும். பார்வை இருக்கும்னு சொல்ல மாட்டேன். கட்டி கண்ணை ஒட்டி இருக்கு. கண்ணைத் தொடாம கட்டியை மட்டும் தொடற கதிர் எங்கிட்ட இல்ல."

"அப்ப யாராண்டதான் வைத்தியம் பண்ணிக்கறது? நீங்களா, அவரா?" என்றார் தம்பி.

"ரெண்டு பேர்கிட்டயும்தான். நாங்க ஒண்ணும் சண்டைக்காரங்க இல்லீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதப் பிறவி பேச முடியாது. வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றதும் தம்பி மாமாவின் தோளைத் தட்டினார். "பாத்தியாண்ணே? மொதல்ல கரண்டு குடுக்கறது உண்டுன்னு அந்தம்மா வாயாலயே சொல்லிட்டாங்க. அறுக்கற டாக்டருக்கு அறுக்கறதுதான் பொழப்பு. அவரு வேற இன்னா சொல்வாரு?"

நீதிமன்றத்தில் பிறழ் சாட்சிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் தம் சொந்த வாக்குமூலத்தைத்தான் மாற்றுவார்கள். அடுத்தவர் வாக்குமூலத்தை, அதுவும் அவர் சொல்லி முடித்து ஆவி பறக்கும்போதே மாற்றியவரை அன்றுதான் பார்த்தேன். பேருந்தில் பூந்தமல்லி தாண்டுவதற்குள் அவர் வாயில் அந்த மருத்துவர் அறுவையே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிட்டது. பென்னலூரில் இறங்கும்போது அறுவை மருத்துவரைத் திட்டியதாகவும் ஆகிவிட்டது. ஒரே சாட்சியத்தை முன்பின்னாகச் சொன்ன இருவரை வாதியாகவும் பிரதிவாதியாகவும் நிறுத்தி, எங்கள் வீட்டார் ஒரு வழக்கை நடத்தத் தொடங்கினார்கள்.

அந்த வழக்கின் உண்மையான காரணம் அன்று மாலைதான் வெளிவந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆவணியில் மாமாவின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வாலாஜாபாத் பக்கம்.

தமக்கை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "தம்பி, எனக்கு அவரு உசுரு முக்கியந்தான். ஆனா தாரை வார்க்கற எடத்துல ஒரு கண்ணு இல்லாம நின்னாருன்னா சபை இன்னா சொல்லும்? ஒரே பொண்ணு."

மாமாவின் தம்பி தொண்டையைச் செருமினார். "அங்கத்துல பழுது கீறவன் தாரை வார்க்கக் கூடாது அண்ணி. சாஸ்திரம் அப்பிடி. அதுக்குத்தான் சொல்றேன், ஆவணி வரைக்கும் கரண்டு வெச்சு ஓட்டுவோம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் அறுக்கறதோ பொளக்கறதோ பாத்துக்கலாம். இல்ல, இப்பவேதான் அறுத்துக்குவேன்னா, நான் கீறேன். நானும் என் பொண்டாட்டியும் மணையில உக்காந்து பொண்ணைக் குடுத்துட்றோம். அண்ணன் பின்னால நாற்காலியில குந்திக்கினு ஆசீர்வாதம் பண்ணட்டும்."

மாமாவின் முகம் அப்போது போன விதத்தை நான் பார்த்தேன். மருத்துவர் கண் போகலாம் என்று சொன்னபோது அப்படிப் போகவில்லை.

"எந்தச் சாஸ்திரம்?" என்றேன்.

"பெரியவங்க சொல்லிக்கினு வர்றது."

"எந்தப் பெரியவர்?"

"இதுக்கெல்லாம் கோர்ட்டுல மாதிரி குறுக்கு விசாரணை பண்ணா எப்பிடிங்க? நல்லது கெட்டது பாத்துத்தானே நடக்கணும்."

நல்லது கெட்டது பார்ப்பவர்கள் எத்தகையவர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல் உண்டாயிற்று. மறுநாளே திருமணம் நடத்திவைக்க இருந்த புரோகிதரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமக்கொன்றும் ஆட்சேபமில்லை, சில இடங்களில் பார்ப்பார்கள், சில இடங்களில் பார்ப்பதில்லை, சம்பந்தி வீட்டார் சரி என்றால் தாமும் சரி என்றார். உடனே வாலாஜாபாத்துக்குப் பேருந்து ஏறினேன். சம்பந்தி என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். எனக்கு முன்னரே தம்பி அங்கே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார் என்பது அவர் என் கண்ணைப் பார்க்காததிலிருந்து விளங்கியது.

"எங்கூட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லீங்க. நோவு யாருக்குத்தான் வரல? ஐயரு இன்னா சொல்றாரோ அதான். அவரு கூடாதுன்னா நாம மீற முடியாது பாருங்க."

"அவர் நீங்கள் சொன்னால் சரி என்கிறார்."

"அப்பிடிங்களா? அது எப்பிடிங்க நான் சொல்றது? பொண்ணு வூட்டுப் பெரியவங்கதானே சொல்லணும்."

பெண் வீட்டில் பெரியவர் என்றால் யார்? வடக்குப்பட்டுத் தம்பி. அவரோ சாஸ்திரம் என்கிறார். சாஸ்திரத்துக்குப் புரோகிதர், புரோகிதருக்குச் சம்பந்தி, சம்பந்திக்குத் தம்பி. தடை என்ற ஒன்று இந்த மூவரில் ஒருவரிடமும் இல்லை. ஒவ்வொருவரும் அது அடுத்தவர் வீட்டில் இருப்பதாக நம்பி மரியாதையோடு ஒதுங்கி நின்றார்கள். அதற்குள் ஒரு மனிதனின் கன்னத்தில் கட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இதற்குத்தான் எங்கள் பக்கத்தில் நாலு பேரைக் கலந்து செய்வது என்று பெயர்.

இந்த இடைவெளியில் மூன்றாவது கட்சிக்காரரும் உள்ளே நுழைந்தார். யாரோ சொல்லி யாரோ அழைத்துவந்த வைத்தியர் ஒருவர். மூக்கில் நசியம் விட்டால் கட்டி கரைந்து சளியாக விழுந்துவிடும் என்றார். என்ன கட்டி, எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. படம் பார்க்க வேண்டுமா என்றதற்கு, நாடி பேசும் என்றார். நான் நீதிமன்றத்துக்குப் போயிருந்த நேரத்தில் விட்டிருக்கிறார்கள். மாமாவின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டித் துண்டு நனைந்தது. கெட்ட இரத்தம் வெளியேறுகிறது என்று சொல்லிவிட்டு வைத்தியர் கிளம்பிப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தெரியாததைத் தெரியும் என்றார், அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் மறுத்தவர்களோடு ஒப்பிட்டால் அவர் நேர்மையானவர்.

அதற்கு அடுத்த ஞாயிறு மாமா என்னை மரவாடிக்கு வரச் சொன்னார். வாள் ஓடவில்லை. அவர் வழக்கமான நாற்காலியில் இருந்தார். எனக்கு ஒரு மரத்துண்டின்மேல் பழைய செய்தித்தாளை விரித்தார். கன்னம் பளபளவென்று உப்பி, கண்ணை மேலே தள்ளியிருந்தது.

"எல்லாவனும் எங்கிட்ட வந்து மரக்கதை சொல்றானுங்க மச்சான். செல்லு அரிச்ச மரத்தை நோண்டாதே, பாலிஷ் போட்டு வெச்சுக்கோன்றான் ஒருத்தன். அடியோட வெட்டினாதான் தழைக்கும்ன்றான் இன்னொருத்தன். மரத்தைப் பத்தி எங்கிட்டயா? அழுகுன மரத்தை நான் பாதி வெலைக்கு எவன் தலையிலயாவது கட்டிடுவேன். இதை எவன் வாங்குவான்?"

நான் சிரிக்கவில்லை.

"சொல்லு. நீதான் கட்சி கட்சியாப் போய்க் கேட்டுக்கினு வந்தியே. இன்னா தீர்ப்பு?"

"தீர்ப்புச் சொல்றது என் வேலை இல்ல மாமா. ஒண்ணு மட்டும் சொல்றேன். இங்க ரெண்டு கட்சியே கிடையாது. ரெண்டு டாக்டரும் ஒரே பேச்சுத்தான் பேசினாங்க. கரண்டு மட்டும் போதும்னு சொன்னது நம்ம வீட்டு ஆளுங்க மட்டுந்தான்."

"கண்ணு?"

"எந்த வழியில போனாலும் அந்தக் கண்ணை நம்பறதுக்கில்ல."

அவர் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நோயுள்ள கண்ணால் நெடுஞ்சாலையைப் பார்த்தார். ஒரு லாரி போயிற்று. அதன்பின் ஒரு பேருந்து. அவர் கையை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பஸ்ஸு போவுது. போர்டு தெரியல. செவப்பா பச்சையான்னே தெரியல." கையை இறக்கினார். "ஏற்கெனவே பூட்ட கண்ணுக்கா இத்தினி நாளு பஞ்சாயத்து பண்ணிக்கினு கீறோம்?"

அது என்னை நோக்கிய கேள்வியாக எனக்குப் படவில்லை.

"தாரை வார்க்கறதுக்கு மொதல்ல உசுரோட இருக்கணும் இல்ல? செத்தவன் வார்க்கலாம்னு எந்தச் சாஸ்திரத்துலயாவது கீதா?" என்றார். பிறகு எழுந்து வேட்டியை உதறினார். "நாளைக்கே பூடலாம்."

ஆடி பிறந்துவிட்டதே, ஆடியில் உடம்பில் கத்தி படலாமா என்று தம்பி ஆளனுப்பிக் கேட்டார். மாமா, "ஆடியில தள்ளுபடி விலையில அறுப்பாங்களாம்னு சொல்லு" என்று அதே ஆளிடம் பதில் சொல்லியனுப்பினார்.

மருத்துவமனையில் ஒப்புதல் தாளில் மாமா தம் கையாலேயே கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இதை வைத்துத்தான் நான் அவரைக் கத்திக்கு அனுப்பினேன் என்ற பேச்சு எங்கள் உறவில் இன்றுவரை உலவுகிறது. சில ஆண்டுகள் கழித்து அவருக்கு நோய் கழுத்தில் திரும்பி, அதில் அவர் போனபோது, கரண்டோடு விட்டிருந்தால் இன்னும் இருந்திருப்பார் என்று பாடையருகிலேயே ஒருவர் சொன்னார். அந்தச் சில ஆண்டுகளில் அவர் மரவாடியில் உட்கார்ந்து மரம் விற்றதும், பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்ததும் கணக்கில் வரவில்லை. நான் மறுப்புச் சொல்லவில்லை. அவர்களோடு வாதாடும் அளவுக்கு நான் இறங்கியதில்லை.

அறுவை காலையில் தொடங்கி மாலைவரை நீடித்தது. கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. கட்டி அதன் கீழ்த்தசையைப் பற்றியிருந்தது என்றார் மருத்துவர். மூக்கோரமாக மேலுதடுவரை தையல். தொடையிலிருந்து எடுத்த தோலைக் கன்னத்தின் உட்புறத்தில் வைத்திருந்தார்கள். மாமா சில நாள்கள் பேசவில்லை. பேசினால் காற்றுதான் வந்தது. அடைப்புத் தட்டை மாட்டிய அன்று முதல் சொல்லாகத் தமக்கையிடம், "மோரு ஆறிப்போச்சு, வேற கொண்டா" என்றார். அவள் அழுதாள். மோர் எங்கே ஆறும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

புண் ஆறியதும் பெண் மருத்துவரிடம் போனோம். நாள் கடத்தக் கூடாது என்று உடனே தொடங்கிவிட்டார். இயந்திரம் எங்கே பாய வேண்டும் என்பதற்கு மாமாவின் கன்னத்திலும் நெற்றியோரத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கோடுகள் போட்டார்கள். முகத்தில் தண்ணீரோ சோப்போ படக் கூடாது, கோடு அழிந்தால் மறுபடி அளந்து போட வேண்டும், அன்றைய கதிர் வீணாகும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை கதிர். சனி, ஞாயிறு இயந்திரத்துக்கு விடுமுறை. முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பஞ்சாங்கமும் மருத்துவமும் சண்டையிட்டுக்கொள்ளவில்லை.

திருமண மண்டபத்துக்குத் தம்பி எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். புதுப் பட்டுவேட்டி, அங்கவஸ்திரம். அவர் மனைவியும் தாரை வார்ப்பவள் உடுத்துவது போன்ற புடவையில் வந்திருந்தாள். இருவரும் மணமேடைக்கு மிக அருகில் அமர்ந்தார்கள். மாமா கறுப்புக் கண்ணாடியும் அதற்கடியில் வெள்ளைக் கட்டுமாக வந்தார். ஊதாக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. கூட்டம் ஒரு கணம் ஓசையடங்கிப் பார்த்தது. பிறகு, பார்க்காதவர்களைப் போலப் பேசத் தொடங்கியது. உறவுக்காரப் பெண் ஒருத்தி வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு அவர் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். தமக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கைகளில் மட்டும் பூசவைத்தாள்.

தம்பி குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி இரகசியமாகச் சொன்னார். "அண்ணே, இன்னைக்கு ஒருநாளு அந்தக் கோட்டையாவது தொடைச்சுட்டு வந்திருக்கலாம். போட்டோவுல வுழும். பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

மாமாவின் குரல் அடைப்புத் தட்டுக்குள்ளிருந்து சற்றுக் கம்மி வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. "தொடைச்சா நாளைக்கு மெஷினு எங்க அடிக்கும்? உன் மூஞ்சியிலயா?"

சமையற்கட்டு வாசல்வரை சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். சம்பந்தி சிரிக்கலாமா என்று புரோகிதரைப் பார்த்தார்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. புரோகிதர் தலையைத் தூக்கிச் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி தம்பியைப் பார்த்தார். தம்பி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு புரோகிதரைப் பார்த்தார். யாராவது ஒருவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒருவரும் சொல்லவில்லை. தடை அடுத்தவரிடம் இருப்பதாகவே மூவரும் அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மாமா எழுந்து, மேடையேறி, மணையில் அமர்ந்துவிட்டார். தமக்கை அவர் பக்கத்தில் அமர்ந்தாள். புரோகிதர் வேறு வழியின்றி, செம்பை அவள் கையில் கொடுத்து மந்திரத்தைத் தொடங்கினார். அவள் நீரை வார்த்தாள். மகளின் கை மாமாவின் கையிலிருந்து மாப்பிள்ளையின் கைக்குப் போயிற்று. கண்ணாடிக்கு அடியிலிருந்த ஒற்றைக் கண்ணால் அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சபையைப் பார்க்கவில்லை. தம்பி எழுந்து நின்று, மேடைக்குக் கீழேயிருந்து அட்சதை தூவினார். அந்த வேலையை நன்றாகவே செய்தார்.

மறுநாள் காலை மாமாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இயந்திரத்தின் அடியில் படுக்கவைத்துக் கண்ணாடியைக் கழற்றியபோது, கட்டுத்துணி மடிப்பில் மஞ்சள் அரிசி நாலைந்து சிக்கியிருந்தது. இயக்குபவர் அதை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு விளக்கைப் போட்டுக் கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"கோடு ஒண்ணுகூட அழியல. நேத்து வீட்டுலயேதான் இருந்தீங்களா பெரியவரே?"

"இல்லப்பா. பொண்ணைக் குடுத்துட்டு வந்தேன்" என்றார் மாமா.